பந்தயப் புறா வளர்ப்பவர்களுக்குச் சொந்த விக்கி: எந்த மென்பொருள்?

#1 மாடிக்கூண்டு (வண்ணாரப்பேட்டை)

வணக்கம். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பகுதிகளில் பந்தயப் புறா வளர்க்கும் எங்கள் குழுவுக்கு ஒரு விக்கி தொடங்கப் போகிறோம். அடுத்தவர் தளத்தில் இலவசப் பக்கமாக வேண்டாம், நம் வழங்கியில் (சர்வரில்) நம் கையிலேயே இருக்கட்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எந்த மென்பொருள் என்பதில்தான் இழுபறி.

இப்போது எங்கள் அனுபவம் முழுவதும் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது. குஞ்சின் காலில் அடையாள வளையம் எப்போது போடுவது, கழுத்துத் திருகல் நோய் கண்டால் முதலில் என்ன செய்வது என்று மாதம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். அருமையான பதில் வருகிறது. மறுவாரம் அது எங்கோ போய்விடுகிறது. பெரியவர்கள் குரல் பதிவாகச் சொன்னவை, கைப்பேசியை மாற்றியதும் போயே போய்விட்டன.

எங்கள் தேவைகளில் பாதி, எந்தக் குழுவுக்கும் உள்ளவைதான். தமிழில் எழுத வேண்டும், கைப்பேசியில் படிக்க வேண்டும், படம் ஏற்ற வேண்டும். ஆனால் எங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பந்தயத்தில் முதலில் வந்து சேர்ந்த புறா வென்றதாகாது. நெல்லூரிலோ விஜயவாடாவிலோ திறந்துவிட்ட இடத்திலிருந்து ஒவ்வொருவர் கூண்டுக்கும் உள்ள தூரத்தை, பறந்த நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று பார்த்துத்தான் வெற்றியை முடிவு செய்கிறோம். ஆகவே ஒவ்வொருவர் மாடியின் அட்சரேகை, தீர்க்கரேகை எங்கள் பதிவில் இருந்தே ஆக வேண்டும். அது வெளியே தெரிந்தால், நல்ல பறவை எந்த மாடியில் இருக்கிறது என்று திருடனுக்கு நாமே வழிகாட்டியதாகிவிடும். வளர்ப்பு முறை, நோய், விதிகள் ஆகியவை உலகத்துக்கே திறந்திருக்கட்டும். கூண்டு விவரமும் வம்சாவளியும் உறுப்பினர்களுக்கு மட்டும்.

இன்னொன்று: கணினி தெரிந்தவன் இப்போதைக்கு நான் ஒருவன்தான். நாளைக்கு வேலைக்காக ஊர் மாறினாலும் விக்கி நிற்கக் கூடாது.

என் மனம் டோகுவிக்கி பக்கம் சாய்கிறது. 2004 முதல் இருக்கிறது, வழங்கியில் பிஎச்பி நிரல்மொழி இருந்தால் போதும், தரவுத்தளமே வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் ஓர் எளிய உரைக் கோப்பு. யாருக்கு எது தெரிய வேண்டும் என்ற அனுமதிக் கட்டுப்பாடு உள்ளேயே வருகிறது. மறுப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

#2 கொருக்குப்பேட்டை_நிரலர்

மறுப்பு இருக்கிறது. மீடியாவிக்கியை ஏன் பேச்சிலேயே எடுக்கவில்லை? தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து அதில்தான் ஓடுகிறது. தமிழில் ஒரு விக்கிக்கு என்னென்ன தடங்கல் வருமோ அவற்றை இருபது ஆண்டுகளாகப் பலர் பார்த்துப் பார்த்துச் சரிசெய்திருக்கிறார்கள். இடைமுகம் தமிழில் இருக்கிறது.

ஒரு சின்ன எடுத்துக்காட்டு. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுடன் ஒற்றை ஒகரக் குறியாகவோ, எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவோ. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடும்போது வேறு வேறு. மீடியாவிக்கி, உள்ளே வரும் எல்லா எழுத்தையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே சேமிக்கிறது. இந்த அக்கறை எல்லா மென்பொருளிலும் கிடைக்காது.

வம்சாவளிக்கும் அதுவே சரி. கார்கோ என்ற நீட்சியை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை) போட்டு, புறா ஒன்றுக்கு ஒரு பக்கம், அதில் ஒரு வார்ப்புரு: வளைய எண், ஆண்டு, நிறம், தந்தை வளையம், தாய் வளையம். ‘இந்தத் தாயின் குஞ்சுகளில் விஜயவாடாவிலிருந்து அன்றே திரும்பியவை எவை’ என்று கேட்டால் அட்டவணையாக வரும். தரவு பக்கத்தின் உரையிலேயே இருப்பதால், அட்டவணை பழுதானால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

#3 வியாசை_வலைப்பணி

நிரலர் அண்ணா சொன்னதில் பாதிக்கு முழு உடன்பாடு. மீதிப் பாதியில் பெரிய ஓட்டை இருக்கிறது.

மீடியாவிக்கி திறந்த கலைக்களஞ்சியத்துக்காகப் பிறந்தது. சில பக்கங்களைச் சிலர் மட்டும் படிக்கட்டும் என்ற ஏற்பாட்டுக்கு அது வடிவமைக்கப்படவில்லை. அதன் ஆவணங்களே இதை எச்சரிக்கையாகச் சொல்கின்றன. அனுமதிக்கான நீட்சிகள் இருக்கின்றன. ஆனால் ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்துக்குள் வார்ப்புருவாக இழுத்தால் உள்ளடக்கம் கசியும். தேடல் முடிவில் ஒரு வரி எட்டிப் பார்க்கும். ஏற்றுமதி வழியாகவும் வெளியேறலாம். முழு விக்கியையும் பூட்டலாம், அல்லது முழுவதையும் திறக்கலாம். கூண்டு இருக்கும் இடத்தைப் பாதுகாக்கத்தான் இவ்வளவு பேச்சும் என்றால் அரைப்பூட்டு உதவாது.

டோகுவிக்கியில் பக்கங்களைப் பெயர்வெளி என்ற பிரிவுகளாக வைத்து, பெயர்வெளிக்குப் பெயர்வெளி அனுமதி கொடுக்கலாம்: படிக்க, திருத்த, புதிதாக உருவாக்க, கோப்பு ஏற்ற, அழிக்க என்று படிப்படியாக. படங்களுக்கும் அதே கட்டுப்பாடு பொருந்தும். ஒரு எச்சரிக்கை: அதன் data அடைவை (கோப்புறையை) உலாவி வழியாக யாரும் நேரடியாகத் திறக்க முடியாதபடி வழங்கியில் அடைத்தாக வேண்டும். அப்பாச்சி என்ற வழங்கி மென்பொருளில் அதற்கான கோப்பு கூடவே வருகிறது. எஞ்சின்எக்ஸ் என்றால் விதியை நாமே எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் அனுமதிக் கட்டுப்பாடு முழுவதும் வீண்.

படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் எடுத்த படத்தின் கோப்புக்குள்ளேயே எடுத்த இடம் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே வரும். கேமராவில் இட விவரத்தை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். புறாவின் கண்ணை நெருக்கமாக எடுத்த ஒரு படம் போதும், மாடி எங்கே என்று காட்டிக்கொடுக்க.

#4 எர்ணாவூர்_ஆசிரியை

நான் புறா வளர்ப்பவள் இல்லை. என் தம்பி வளர்க்கிறான். பள்ளியில் ஆசிரியர்களுக்காக புக்ஸ்டாக் என்ற விக்கி மென்பொருளை வைத்து நடத்துகிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எழுதப் போகிறவர்கள் யார் என்பதை முதலில் பாருங்கள். நிரல் தெரிந்த நீங்கள் இருவரும் சமக் குறிகளையும் சதுர அடைப்புக்குறிகளையும் பார்த்துப் பயப்பட மாட்டீர்கள். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ‘தொகு’ என்பதைத் தொட்டதும் அந்தக் குறிகள் கண்ணில் பட்டால், தன் கை பட்டு ஏதாவது கெட்டுவிடுமோ என்று அப்படியே மூடிவிடுவார். புக்ஸ்டாக்கில் அந்த அச்சமே இல்லை. எழுத்தைத் தடிப்பாக்க ஒரு பொத்தான், படம் சேர்க்க ஒரு பொத்தான். அலமாரி, அதில் புத்தகம், அதில் அத்தியாயம், அதில் பக்கம் என்ற அமைப்பை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புத்தகம் புத்தகமாக அனுமதியும் பிரித்துக் கொடுக்கலாம்.

குறை ஒன்று உண்டு, சொல்லியாக வேண்டும். பக்கத்தை பிடிஎஃப் ஆக இறக்கினால் தமிழ் உடைகிறது. இயல்பாக அதில் இருக்கும் டோம்பிடிஎஃப் நிரலுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாது; கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வேறொரு நிரலை இணைத்துச் சரிசெய்யலாம். நாங்கள் உலாவியிலிருந்து நேரடியாக அச்சிட்டுக்கொள்கிறோம். அதில் எந்தக் குறையும் இல்லை.

#5 மாடிக்கூண்டு

ஆசிரியை அக்கா, நீங்கள் சொன்ன அச்சம் எங்கள் குழுவில் அப்படியே இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே புக்ஸ்டாக்கை நிறுவிப் பார்த்தேன். எழுதுவதற்கு மிக அழகாக இருக்கிறது. என்னைத் தடுத்தது வேறொன்று.

விக்கியில் நான் மிகவும் மதிப்பது சிவப்பு இணைப்பு. ‘ஹோமர்’ என்ற புறா வகை பற்றி எழுதும்போது ‘இறகு உதிர்காலம்’ என்ற சொல்லுக்கு இணைப்புக் கொடுக்கிறேன். அப்படி ஒரு பக்கம் இன்னும் இல்லை. அது வேறு நிறத்தில் நிற்கிறது. படிப்பவர் அதைத் தொட்டால் எழுதுவதற்கு இடம் திறக்கிறது. என்ன எழுதாமல் விட்டிருக்கிறோம் என்பதை விக்கியே சொல்லிக்கொண்டிருக்கிறது. வாய்மொழியாகவே வந்த ஒரு கலையை எழுத்தில் கொண்டுவரும்போது இதைவிடப் பெரிய உதவி கிடையாது. புக்ஸ்டாக்கில் ஏற்கெனவே இருக்கும் பக்கத்துக்குத்தான் இணைப்புக் கொடுக்க முடிகிறது. முடித்த நூலை அடுக்கிவைக்க அது நல்ல இடம். நாங்கள் இன்னும் முதல் வரியே எழுதவில்லை.

#6 கல்மண்டபம்_பழையவன்

தம்பிகளே, உங்கள் மென்பொருள் பெயர்கள் எனக்குப் புரியவில்லை. என் பேரன் தட்டித் தருகிறான், நான் சொல்கிறேன்.

வளையம் போடும் பேச்சு வந்ததால் அதையே சொல்கிறேன். முட்டை இரண்டு. 17, 18 நாள் அடைகாத்தால் குஞ்சு வரும். ஏழாம் நாள் வாக்கில் காலைப் பார்க்க வேண்டும். முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து வளையத்துக்குள் நுழைக்க வேண்டும். பின்விரலைக் காலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, வளையத்தை மேலே ஏற்றி, கடைசியில் அந்தப் பின்விரலை நகத்தால் மெல்ல வெளியே எடுத்துவிட வேண்டும். நாள் தள்ளிப் போனால் வளையம் ஏறாது. அவசரப்பட்டுப் போட்டால் கழன்று கூட்டுக் குப்பையில் கிடக்கும். குஞ்சு வேகமாக வளர்கிறதா, மெதுவாக வளர்கிறதா என்று பார்த்துத்தான் நாளைச் சொல்ல முடியும்.

நான் கேட்பது இதுதான். இதை நான் சொல்லி எழுதினால், நாளைக்கு எவனோ வந்து ‘ஏழு’ என்பதை ‘பத்து’ என்று மாற்றிவிட்டுப் போவானா? பந்தயத்துக்கு முதல் நாள் தீனி கொடுப்பதில் எனக்கும் மூலக்கொத்தளத்து ஆட்களுக்கும் என்றுமே ஒத்துப்போனதில்லை. அவர்கள் எழுதினதும் நான் சொன்னது அழிந்துவிடுமா? பெயர் சொல்லிக் கேட்டு எழுதுகிறீர்கள் என்றால் நான் எல்லாம் சொல்கிறேன். அழித்துவிடுவார்கள் என்றால் எதற்கு?

#7 கொருக்குப்பேட்டை_நிரலர்

ஐயா, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

அழியாது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் மூன்று மென்பொருளிலும் திருத்தினாலும் முந்தைய வடிவம் பத்திரமாக இருக்கும். யார், எந்த நேரத்தில், எந்தச் சொல்லை மாற்றினார் என்று பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தவறாக மாற்றியிருந்தால் ஒரு தொடுதலில் திருப்பிவிடலாம். டோகுவிக்கியில் attic என்ற அடைவில் பழைய வடிவங்கள் எல்லாம் தேதி வாரியாகக் கோப்புகளாகவே கிடக்கும்; பக்கத்தையே நீக்கினாலும் அவை அங்கே இருக்கும்.

தீனி விஷயத்தில் ஒருவர் வெல்ல வேண்டியதில்லை. ‘கல்மண்டபம் முறை’, ‘மூலக்கொத்தளம் முறை’ என்று ஒரே பக்கத்தில் இரண்டு தலைப்பு வைப்போம். சொன்னவர் ஒப்புக்கொண்டால் பெயரும் இருக்கட்டும். எந்தக் காலத்தில் எந்த முறை எந்தத் தெருவில் இருந்தது என்பதே பிற்காலத்தில் பெரிய செய்தியாக இருக்கும்.

#8 வியாசை_வலைப்பணி

ஐயா சொன்ன அந்த வளையம் பத்தியை அப்படியே எடுத்து டோகுவிக்கியில் ஒரு பக்கமாகப் போட்டுப் பார்த்தேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். தமிழில் டோகுவிக்கி வைப்பவர்கள் எல்லோரும் முதல் நாளே இதை அறிந்திருக்க வேண்டும்.

டோகுவிக்கி, பக்கத்தின் பெயரையே கோப்பின் பெயராக வைக்கிறது. கோப்புப் பெயரை எப்படி எழுதுவது என்று சொல்லும் fnencode என்ற அமைப்பு, மாற்றாமல் விட்டால் ‘url’ என்று இருக்கும். அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் %E0%AE%95 என்பதுபோல் ஒன்பது எழுத்துகளாகிவிடும். ‘கொருக்குப்பேட்டை’ என்ற ஒரு சொல்லே 144 இடத்தை அடைத்துக்கொள்கிறது. லினக்ஸில் வழக்கமான கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ‘புறாக்களுக்கு வரும் கழுத்துத் திருகல் நோய்’ என்று தலைப்பு வைத்தால் 340-ஐத் தாண்டுகிறது. பக்கம் சேமிக்கவே முடியாது. எழுதியவருக்கு ஏன் என்றே தெரியாது.

வழி இரண்டு. fnencode என்பதை ‘utf-8’ என்று மாற்றினால் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டுதான்; மேற்சொன்ன தலைப்பு 120-க்குள் அடங்கும். இதைப் பக்கங்கள் எழுதத் தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பின்னால் மாற்றினால் பழைய கோப்புகளை அது கண்டுகொள்ளாது. எல்லாவற்றையும் பெயர் மாற்ற வேண்டிவரும். அல்லது கோப்புக்குச் சிறிய ஆங்கிலப் பெயர் வைத்து, useheading என்ற அமைப்பால் பக்கத்தின் முதல் தலைப்பையே எங்கும் பெயராகக் காட்டலாம். நான் முதல் வழியைத்தான் சொல்வேன். முகவரியிலும் தமிழ் இருக்கட்டும்.

வம்சாவளிக்கு டோகுவிக்கியில் ஸ்ட்ரக்ட் என்ற செருகுநிரல் இருக்கிறது. படிவம்போல் நிரப்பலாம், அட்டவணையாகப் பார்க்கலாம். ஆனால் அந்தத் தரவு உரைக் கோப்பில் இருக்காது. எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் போய் உட்காரும். ‘எல்லாமே எளிய உரை’ என்ற மாடிக்கூண்டின் கொள்கை இங்கே உடைகிறது. இந்த ஒரு இடத்தில் நிரலர் அண்ணாவின் கார்கோதான் மேலானது, ஒப்புக்கொள்கிறேன்.

#9 மாடிக்கூண்டு

இந்தக் கோப்புப் பெயர் விஷயத்துக்கு மிக்க நன்றி. கழுத்துத் திருகல் பக்கத்தைத்தான் முதலில் எழுதுவதாக இருந்தோம்.

ஸ்ட்ரக்ட் பற்றி யோசித்தேன். அட்டவணையை சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்க முடிகிறது. பந்தயப் பருவம் முடிந்ததும் அப்படி எடுத்து மூன்று பேரிடம் கொடுத்துவைத்தால் போதும். வம்சாவளி என்பது கடைசியில் ஓர் அட்டவணைதான்; எந்த விரிதாளிலும் திறக்கும்.

உரைக் கோப்பில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கொளத்தூர் பக்கம் வண்ணமீன் வளர்க்கும் நண்பர்கள் சிலர் நல்ல தளம் ஒன்று நடத்தினார்கள். எந்த மீனுக்கு நம் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளும் என்று தமிழில் எழுதிவைத்திருந்த இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். நிர்வகித்தவர் வெளிநாடு போய்விட்டார். வழங்கி நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்பு அறிவிப்புகள் எல்லாம் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போயின. ஒருநாள் தளம் இல்லை. தரவுத்தளக் கோப்பு ஒன்றை யாரோ வைத்திருந்தார்கள். அதைத் திறக்க யாருக்கும் தெரியவில்லை. அதுவே உரைக் கோப்புகள் அடங்கிய அடைவாக இருந்திருந்தால், கைப்பேசியிலேயே திறந்து படித்திருப்பார்கள்.

எனவே எனக்கு மென்பொருளின் வசதிகளைவிட, அதை விட்டு வெளியேறும்போது கையில் என்ன மிஞ்சும் என்பதே பெரிது. டோகுவிக்கியை நிறுத்தினாலும் pages அடைவு மிஞ்சும். அதில் ஐயா சொன்னது தமிழில் அப்படியே இருக்கும்.

#10 கொருக்குப்பேட்டை_நிரலர்

சரி, இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. டோகுவிக்கிக்கே என் ஓட்டும். மேலே சொன்ன ‘கொ’ சிக்கலை மட்டும் மறந்துவிடாதீர்கள். பழைய கோப்புகளிலிருந்து வெட்டி ஒட்டும்போதுதான் அது வரும். கைப்பேசி விசைப்பலகையில் நேரடியாகத் தட்டினால் பெரும்பாலும் வராது.

தேடலிலும் ஒரு பழக்கம் வேண்டும். ‘புறா’ என்று தேடினால் ‘புறாவுக்கு’, ‘புறாக்களை’ எல்லாம் அகப்படாது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. ‘புறா*’ என்று பின்னால் நட்சத்திரக் குறி போட்டால் எல்லாம் வரும். இதைத் தேடல் பெட்டிக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

வழங்கியை வீட்டிலேயே ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பகுதியில் எத்தனை தெருக்கள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மழையில் நனைந்த பறவையை எப்படிக் காப்பாற்றுவது என்று ஆட்கள் தேடுவதும் அதே நாள்களில்தான். பிஎச்பி ஓடும் சாதாரணப் பகிர்வு வழங்கியே டோகுவிக்கிக்குப் போதும்.

#11 எர்ணாவூர்_ஆசிரியை

புக்ஸ்டாக் தோற்றதில் வருத்தமில்லை. குறிகளைப் பார்த்துப் பயப்படுகிறவர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ப்ரோஸ்மிரர் என்ற செருகுநிரல் டோகுவிக்கிக்கு இருக்கிறது. பொத்தான்கள் உள்ள தொகுப்பானைக் கொடுக்கும். அதையும் போட்டு, நான்கைந்து பேர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று தோன்றுகிறது. எல்லோரும் தட்டெழுத வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? கல்மண்டபம் ஐயாவுக்குப் பேரன் இருப்பதுபோல் ஒவ்வொரு பெரியவருக்கும் ஓர் இளையவர் துணை. பெரியவர் பேசட்டும், இளையவர் எழுதட்டும். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் ‘சரி’ என்ற பிறகு பக்கத்தில் ஏற்றட்டும். என் மாணவர்களில் இரண்டு மூன்று பேர் வீட்டில் புறா இருக்கிறது. அவர்கள் தமிழ் நன்றாக எழுதுவார்கள்.

#12 வியாசை_வலைப்பணி

ஆசிரியை சொன்னது மிக நல்ல ஏற்பாடு. அத்துடன், யாரும் தானாகப் பதிவுசெய்துகொள்ளும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். திறந்து வைத்தால் விளம்பரக் குப்பை வந்து நிறையும். உறுப்பினர் பெயரை நிர்வாகி சேர்த்தால் போதும்.

நிறுவும்போதே உள்ளடக்கத்துக்கு என்ன உரிமம் என்று டோகுவிக்கி கேட்கும். வெளிப்பக்கங்களுக்குப் பெயர் குறிப்பிட்டுப் பகிரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் வைக்கலாம் என்பது என் கருத்து. பெரியவர்களிடம் இதை விளக்கிச் சம்மதம் வாங்கிய பிறகே பொத்தானை அழுத்துங்கள். அவர்கள் சொன்னதை யாரும் எடுத்துப் போடலாம், ஆனால் எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லியாக வேண்டும். இவ்வளவையும் பேச்சுத் தமிழில் சொன்னால் யாருக்கும் புரியும்.

#13 மாடிக்கூண்டு

எல்லோருக்கும் நன்றி. டோகுவிக்கி என்று முடிவு செய்துவிட்டோம். fnencode ‘utf-8’, தானாகப் பதிவு கிடையாது. ‘வளர்ப்பு’, ‘நோய்’, ‘விதிகள்’ மூன்று பெயர்வெளிகளும் எல்லோருக்கும் திறந்திருக்கும். ‘கூண்டு’, ‘வம்சம்’ இரண்டும் உறுப்பினருக்கு மட்டும். நோய்ப் பக்கங்களில் மருந்தின் அளவு எழுதப் போவதில்லை. அறிகுறியும் பறவையைத் தனியே பிரித்து வைக்கும் முறையும் மட்டும். மற்றதற்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லி எழுதுவோம்.

தளப் பெயரும் வழங்கிக் கணக்கும் இரண்டு பேர் பெயரில், இரண்டு மின்னஞ்சலில் இருக்கும். காப்புப் பிரதி இரவுதோறும் வேறொரு கணினிக்குப் போகும். அதிலிருந்து விக்கியைத் திரும்ப எழுப்பிக் காட்டும் வேலையை நிரலர் அண்ணா ஏற்றுக்கொண்டால் மகிழ்வேன். என்னைத் தவிர இன்னொருவர் கையால் அது ஒருமுறை நடந்துவிட வேண்டும்.

உரிமம் பற்றி வரும் ஞாயிறு தண்டையார்பேட்டையில் கூடும்போது பெரியவர்களிடம் பேசுகிறேன். அதுவரை உறுப்பினர் அல்லாத யாருக்கும் திறக்க மாட்டேன்.

#14 கல்மண்டபம்_பழையவன்

ஞாயிறு வருகிறேன். மூலக்கொத்தளத்துக்காரர்களையும் வரச் சொல்லுங்கள். தீனி முறையை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். நான் சொல்லி எழுதினால் அது நியாயமாக இருக்காது.